மேகம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்

என் அக்கா வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மூடி மறைத்தேன் என்று யாரும் என் மேல் பழி போடக் கூடாது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. நடுவில் அக்கா என்று ஒருத்தி மட்டும் இல்லாவிட்டால், எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போயிருப்போம்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளில் கிரீஸும் வேர்வையுமாகப் பாதி ஆயுளைக் கழித்தவர். அங்கே தனியாகவே இருந்து இருந்து மனிதர்களோடு பேசும் பழக்கம் விட்டுப்போயிற்று என்று அக்கா சமாதானம் சொல்லுவாள். விட்டுப்போவதற்கு முதலில் அந்தப் பழக்கம் இருந்திருக்க வேண்டுமே என்பேன் நான். அவர் வாய் திறந்து பேசியது ரேடியோவில்தான். அமெச்சூர் ரேடியோ என்று ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினால் வீட்டிலேயே கருவி வைத்து மற்ற உரிமக்காரர்களோடு பேசலாம். எங்கேயோ இருக்கிற ஒருத்தரிடம் "உங்க குரல் ரொம்பத் தெளிவா இருக்கு, கேக்கவே சந்தோஷமா இருக்கு" என்று குழைவார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாள். அவள் சமையலைப் பற்றியோ குரலைப் பற்றியோ அப்படி ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

மேகம் பார்க்கும் கிறுக்கு பிற்பாடு வந்தது. எங்கள் ஊர் வானிலை அலுவலகத்தில் ராடார் இருக்கிறது. மேகத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அது காட்டும். மேகத்துக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதற்கு மனிதக் கண் வேண்டும். அதனால் ரேடியோக்காரர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, புயல் நேரத்தில் ஊரின் நாலா பக்கமும் நிறுத்தி, பார்த்ததைச் சொல்லச் சொல்லும் ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒரு கோடையில் யாரோ உளறியதை நம்பி அபாயச் சங்கை ஊதினார்கள், ஒன்றும் வரவில்லை. மறுபடியும் ஊதினார்கள், அப்போதும் வரவில்லை. அடுத்த தடவை நிஜமாகவே சுழல்காற்று வந்தபோது, சங்கைக் கேட்டு ஊரே சிரித்தது. மாமாவோடு வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரும் சிரித்துவிட்டு, மொட்டை மாடியில் கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றிருக்கிறார். உடலை அடையாளம் காட்டப் போனவர் மாமா. அதன் பிறகு தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை யாரும் கேட்காமலே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

வகுப்பு ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில் நடந்தது. சுவர் முழுக்கப் போக்குவரத்துக் குறிப் படங்கள், மடக்கு நாற்காலிகள், திரைக்குப் பதில் ஒரு வெள்ளைத் துணி. நானும் போனேன். அவர் மேல் பாசம் வந்து போகவில்லை, அவரால் முடிந்தது என்னால் முடியாதா என்ற வீம்பில் நானும் உரிமம் வாங்கியிருந்தேன். வந்தவர்களை வரவேற்று நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தால், மனுஷன் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார்.

"உங்கள்ல பாதிப் பேர் உளறுவீங்க. எந்தப் பாதின்னு கண்டுபிடிக்கத்தான் இந்த வகுப்பு."

பாடம் சரியான பாடம்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். மேகத்திலிருந்து வால் மாதிரி ஏதாவது தொங்கினால் உடனே கத்தக் கூடாது. ஒரு விளக்குக் கம்பத்தையோ ஜன்னல் கம்பியையோ நேர் வைத்துப் பார்க்க வேண்டும். அது சுற்றுகிறதா, சும்மா நகர்ந்து போகிறதா என்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். பிறகு, மேகம் எங்கே என்று ஒரு தடவையும், நான் நிற்பது எங்கே என்று இன்னொரு தடவையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்கள் தாங்கள் நிற்கிற தெருப் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். மேகம் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும்.

எனக்கு ஒரு படத்தைக் காட்டினார். சுழல் மேகம் என்றேன். அது செங்கல் சூளைப் புகையாம். நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். விடுவாரா?

"கண்ணாடி விக்கிற உனக்கே கண்ணு தெரியலையே. உங்கிட்ட வாங்கிட்டுப் போறவன் கதி என்ன?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. கடைசியில் "தேறலை. ஆபீஸ்ல வந்து, மத்தவங்க சொல்ற இடத்துக்கு மேப்ல ஊசி குத்து" என்று சொல்லிவிட்டார். கொழுந்தியா என்கிற மரியாதை ஒரு துளி கிடையாது. போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், ஆனாலும் போனேன்.

அவருக்கு நிஜமான எதிரி நான் இல்லை. ரேடியோ சங்கத் தலைவர்தான். மருந்துக்கடை முதலாளி, ஊரிலேயே உயரமான ஆன்டெனா அவர் வீட்டு மாடியில் நின்றதால் எல்லோரும் அவரை டவர் என்போம். மனுஷர் நல்லவர், அதுதான் கஷ்டமே. ரேடியோக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கைக்கருவி வைத்திருப்பவன் எங்கேயோ மூலையிலிருந்து ஈனக் குரலில் பேசினால், பெரிய கருவிக்காரர் அதைக் கேட்டு எல்லோருக்கும் எடுத்துச் சொல்லுவார். அது அவர்களுக்குள் பெரிய தர்மம். டவர் அந்தத் தர்மத்திலேயே வளர்ந்தவர். மாமா அதன் தலையிலேயே கை வைத்தார்.

"எடுத்துச் சொல்றது தப்பில்லை. யார் சொன்னான்னும் சேர்த்துச் சொல்லணும். நீங்களே பாத்த மாதிரி சொல்லக் கூடாது."

"சொன்னா என்ன இப்போ, குடி முழுகிடுமா?"

"முழுகிடும். ஒருத்தன் பாத்தது மூணு வாயில வந்தா மூணு பேர் பாத்த மாதிரி ஆயிடும். ஆபீஸ்ல இருக்கிறவன் அதை நம்பி சங்கை ஊதிடுவான்."

"மெக்கானிக், நான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன். எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"தேறாதவங்க எல்லாருக்கும் பாடம்தான். பிடிக்கலைன்னா கதவு அந்தப் பக்கம்."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். டவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து போனவர் அதன் பிறகு வகுப்புப் பக்கமே திரும்பவில்லை. வகுப்பிலிருந்து ஒருவரை விரட்டலாம், அலைவரிசையிலிருந்து விரட்ட முடியாது. உரிமம் கொடுத்தது அரசாங்கம், மாமா இல்லை. வெளியே போன மனுஷர் தன் டவரோடும் தன் தர்மத்தோடும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

இதெல்லாம் நடக்கும்போது அக்கா ஒரு குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டித் தெருவில், தகரக் கூரை போட்ட பழைய கிடங்கு ஒன்றில் காப்பகம் இருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் விட்டுப்போகும் கைக்குழந்தைகளும் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிறவர்களுமாக இருக்கும். சுழல்காற்று வந்தால் அந்தத் தகரம் நிற்காது. முற்றத்தைத் தாண்டி எதிரே அச்சகத்தின் நிலவறை இருந்தது. எல்லாக் குழந்தைகளையும் தொட்டில் வண்டிகளில் போட்டுத் தள்ளிக்கொண்டு போய் இறக்க நேரம் பிடிக்கும். அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். அதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் இருக்கும்போதே அவரிடம் கேட்டாள்.

"ஏங்க, சங்கு ஊதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டுடுங்களேன். சின்னக் குழந்தைங்க, தூக்கிட்டுப் போக நேரமாகுது."

"ஊருக்கு ஒரு எச்சரிக்கை, என் பொண்டாட்டிக்கு ஒரு எச்சரிக்கையா?"

"எனக்குக் கேக்கலைங்க. குழந்தைங்களுக்கு."

"சங்கு ஊதினா கேளு. ஊதலைன்னா உன் வேலையைப் பாரு."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த வாரமே, பேச முடியாத, கேட்க மட்டும் முடிகிற ஒரு சின்ன ரேடியோவை வாங்கிக் காப்பகத்துச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். புயல் அன்று ரேடியோக்காரர்கள் பேசுவதை அவளே கேட்டுக்கொள்ளட்டும், இந்த மனுஷன் தயவு எதற்கு? அவரிடம் நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. மத்தியானம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வானிலை அலுவலகத்தில் மைக் முன்னால் மாமா, வரைபடத்துக்கு முன்னால் ஊசி டப்பாவோடு நான், சங்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் கடமை அதிகாரியம்மா. சங்கை ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஊதலாம். எல்லாப் பகுதிக்கும் சேர்த்து ஊதினால் ஓட வேண்டாதவர்களும் ஓடி, கல்மழையில் மாட்டிக்கொள்வார்கள். செல்போன் சிக்னல் முதல் இடியிலேயே போய்விட்டது.

முதலில் பால் வண்டிக்காரரின் குரல் வந்தது. மாமாவின் வகுப்பில் தேறிய ஒரு சிலரில் அவர் ஒருவர். கைக்கருவி, கரகரவென்று பாதி விழுங்கிப் போயிற்று. தொட்டி என்பது கேட்டது, சுத்துது என்பது கேட்டது. மாமா திரும்பச் சொல்லச் சொன்னார். அதற்குள் டவர் குறுக்கே வந்துவிட்டார். அவர் குரல் பக்கத்து அறையில் நின்று பேசுவது மாதிரி கணீரென்று இருந்தது.

"சுழல் மேகம், தண்ணித்தொட்டி மேல. நல்லாச் சுத்துது."

அவரைத் தொடர்ந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் தச்சுப் பட்டறைக்காரர் ஒருவரும் சொன்னார். நான் ஊசி ஊசியாகக் குத்தினேன். எல்லாமே அக்காவின் தெருவைச் சுற்றி விழுந்தன.

"மூணு பேர் சொல்லியாச்சு சார். தொட்டிப் பகுதிக்கு ஊதிடலாமா?" என்றார் அதிகாரியம்மா.

"ஊதாதீங்க" என்றார் மாமா. மைக்கை அழுத்தினார். "சொன்னவங்க ஒவ்வொருத்தரா பதில் சொல்லுங்க. கண்ணால பாத்தீங்களா, ரேடியோல கேட்டீங்களா?"

"மாமா, அக்கா அங்க இருக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? வாயை மூடு."

அந்த நேரத்தில் அவர் கழுத்தைப் பிடித்து நெரித்துவிடலாம் போல எனக்கு இருந்தது, பொய் சொல்லவில்லை. பெண்டாட்டி தகரக் கூரைக்கு அடியில் இருக்கிறாள், இந்த ஆள் குறுக்கு விசாரணை நடத்துகிறார். வாத்தியார் தயங்கித் தயங்கி, ரேடியோவில் கேட்டதுதான் என்று ஒப்புக்கொண்டார். பட்டறைக்காரரும் அப்படியே. டவர் மட்டும் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

"என்னையே சந்தேகப்படறீங்களா? மக்களைக் காப்பாத்தற நேரத்துல கேள்வி கேட்டுட்டு இருக்கீங்க."

மாமா அவரை விட்டுவிட்டுப் பால் வண்டிக்காரரைக் கூப்பிட்டார். எல்லோரும் பேசுகிற பொத்தானிலிருந்து கையை எடுங்கள் என்று அதட்டினார். ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. பால் வண்டிக்காரரின் ஈனக் குரல் அதில் நுழைந்தது.

"நான்தான் சார் தொட்டிகிட்ட நிக்கிறேன். மேகம் இங்க இல்லை. டிப்போ மேல தெரியுது. கம்பத்தை நேர் வச்சுப் பாத்தேன், சுத்துது."

பஸ் டிப்போ ஊரின் மறுபக்கம். அதிகாரியம்மா டிப்போ பகுதிக்குச் சங்கை ஊதினார். அங்கே இருந்த தொழிலாளிகள் பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளங்களுக்குள் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் டிப்போக் கொட்டகையின் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. பள்ளத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. மாமா சொன்ன பாடத்துக்கு ஊரே கைகூப்ப வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமா, அக்காகிட்ட ரேடியோ இருக்கு. அவ எல்லாத்தையும் கேட்டுட்டு இருப்பா. மூணு பேர் சொன்னதும் குழந்தைங்களைக் கிளப்பியிருப்பா."

"எந்த ரேடியோ?"

"நான் வாங்கிக் குடுத்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. ராடார் திரையைப் பார்த்தார். தொட்டித் தெருவுக்கு மேல் சிவப்பாகக் கல்மழை நெருங்கிக்கொண்டிருந்தது. காப்பகத்துக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது. முற்றத்தில் இருந்தால் ஆகும். அலைவரிசையில் வீட்டுப் பேச்சு கூடாது, சொந்தப் பேர் சொல்லக் கூடாது என்று வகுப்பு வகுப்பாகக் கத்திய மனுஷர் மைக்கை அழுத்தி, என் அக்கா பேரைச் சொன்னார். அவர் வாயால் அந்தப் பேரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"வெளியே வராதே. அங்க சுழல் இல்லை, கல்மழைதான் வருது. குழந்தைங்களை வச்சுக்கிட்டு உள்ளேயே இரு. எனக்குன்னு நீ ஒருத்திதான் இருக்கே. நீ இல்லாம நான் ஒண்ணுமில்லை. தயவுசெஞ்சு வெளியே வராதே."

ஊரில் பல பக்கமும் இருந்த ரேடியோக்காரர்கள் அதைக் கேட்டார்கள். அதிகாரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாமா பொத்தானை விட்டதும் பால் வண்டிக்காரர் வந்தார்.

"சார், நீங்க ஏதாவது சொன்னீங்களா? இங்க இவ்வளவு நேரமும் டவர் குரல்தான் சார் கேட்டுது."

இந்த ரேடியோவில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் இரண்டும் கலந்து கேட்காது. கிட்டத்தில் இருக்கிறவர் குரல் மட்டும் கேட்கும், மற்றவர் பேசினதே தெரியாது. டவரின் வீடு காப்பகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. பேசிக்கொண்டிருப்பவருக்கு அடுத்தவர் குரலும் கேட்காது. தொட்டிப் பகுதி மக்களே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று அவர் மனசறிந்து நல்லதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பால் வண்டிக்காரர் நுழைந்த அந்த ஒரு இடைவெளி தவிர, மூச்சு விடக்கூட நிறுத்தவில்லை. மாமா மறுபடியும் பேசினார், அதற்கும் மறுபடி பேசினார். ஒவ்வொரு தடவையும் அக்கா பேர்.

குழந்தைகளைக் கிளப்பிய அமளியில் பால் வண்டிக்காரரின் ஈனக் குரல் காதில் விழாமல், டவர் சொன்னதை மட்டும் கேட்டு, அக்கா அதற்குள் கதவைத் திறந்து தொட்டில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பாதி முற்றம் வந்திருந்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல் விழுந்தது. அவளும் ஆயாக்களும் வண்டிகளைக் கவிழ்த்துக் குழந்தைகளை அடியில் விட்டு மேலே படுத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தைக்கு நெற்றியில் தையல். அக்காவுக்குத் தோளும் கழுத்தெலும்பும் உடைந்தன. காப்பகத்தின் தகரக் கூரை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு டவர் பழப் பையோடு வந்தார். மாமா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"உங்களைக் காப்பாத்தணும்னுதான்மா தொண்டை வத்தக் கத்தினேன்" என்றார் டவர்.

"கேட்டுதுங்க. ரொம்ப நன்றி" என்றாள் அக்கா. "நீங்களாவது பேசினீங்க. சிலருக்கு ஊரைப் பத்திக் கவலை, வீட்டைப் பத்தி எதுக்கு?"

எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவைக் கண்டாலே ஆகாதவள் நான், ஆனாலும் அநியாயத்துக்கு ஒரு அளவு இருக்கிறதே. "அக்கா, அவரும் பேசினார். உன் பேரைச் சொல்லிப் பேசினார். ஊரே கேட்டுது. டவர் கூடவே பேசினதால உங்க பக்கத்துல மட்டும் கேக்கலை" என்றேன். டவர் முகம் வெளுத்தது. அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பழப் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அக்கா கட்டுப் போட்ட தோளோடு மாமாவையே பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

மாமா ஸ்டூலில் இருந்த பழப் பையை நகர்த்தி வைத்தார்.

"இவ சொல்லி நான் கேக்க வேண்டாம். இப்போ நீங்களே சொல்லுங்க. இங்க உங்க குரலை அமுக்க யாரும் இல்லை."

நான் மனசுக்குள் சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வெளியே வந்திருக்கக் கூடாது" என்றார்.

அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே, "என் துணியெல்லாம் எடுத்து உன் வீட்டுல வச்சிரு. இங்கிருந்து நேரா அங்க வந்துடறேன்" என்றாள்.

வராந்தா பெஞ்சில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"நேத்து மைக்ல சொன்னதுல பாதி சொல்லியிருந்தா போதுமே மாமா. என்ன கேடு உங்களுக்கு?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மைக்ல சொல்லும்போது அவ முகம் எதிர்ல இல்லை" என்றார்.

"அதனால?"

"அதனாலதான் வாயில வந்துது."

வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அக்காவின் துணிகளை எடுக்க வேண்டும், வீட்டுச் சாவி கொடுங்கள் என்றேன். அவர் சட்டைப்பையைத் துழாவி எடுத்து என் கையில் வைத்தார்.